தனியாக வெளிநாடு போய்வர: நெல்லையிலிருந்து முதல்முறை கிளம்புகிறவர்களுக்கு

நெல்லைச் சீமைக்கு வெளிநாடு புதிதில்லை. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே வ.உ.சி. சுதேசிக் கப்பல் விடுவதற்கு முன்பே, 1906-க்கும் முன்பே, இங்கிருந்து கடை வைக்கவும் தோட்ட வேலைக்கும் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். கடையநல்லூர், தென்காசிக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் சிங்கப்பூரில் இருக்கின்றன. வளைகுடாவில் ஓர் ஆள் இல்லாத தெரு இங்கே குறைவு. பிழைக்கப் போனால் யாரும் கேள்வி கேட்பதில்லை. சும்மா பார்த்துவிட்டு வரப் போகிறேன், அதுவும் தனியாக என்றால்தான் ஆச்சி வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டு, "ஏட்டி, துணைக்கு ஒருத்தரும் வரலியா?" என்பாள்.

அந்தக் கேள்வியைத் தாண்டிக் கிளம்ப நினைக்கிறவர்களுக்கு இது. தனிப் பயணத்தில் ஒருவரிடம் ஏதாவது மாற்றம் வருகிறது என்றால், எங்கே சாப்பிடுவது, எந்த பஸ், இந்த ஆளை நம்பலாமா, இப்போதே திரும்பலாமா என்று நாள் முழுக்கச் சின்னச் சின்ன முடிவுகளை யாரையும் கேட்காமல் எடுப்பதால்தான் வருகிறது. பேக்கேஜ் டூரில் அத்தனை முடிவையும் வேறொருவர் எடுத்துவிடுவார். அதற்காக எல்லாவற்றையும் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்புவதும் சரியல்ல. காகிதம், பணம், போய் இறங்கும் முதல் இரவு ஆகிய மூன்றையும் வீட்டிலேயே உறுதி செய்துகொள்ளுங்கள். மீதியைத் திறந்து விடுங்கள்.

முதலில் ஓர் ஒத்திகை

பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும் நாட்களில், தமிழ் செல்லாத ஓர் ஊருக்குத் தனியாகப் போய் இரண்டு இரவு தங்குங்கள். உடுப்பி, கோகர்ணம், ஹம்பி எதுவானாலும் சரி. திருவனந்தபுரமும் வர்க்கலையும் இதற்கு உதவாது. பாதிப் பேருக்குத் தமிழ் புரியும். தெரிந்தவர் வீட்டில் தங்கவும் கூடாது. பார்க்க வேண்டியவை சில: மேஜையில் தனியாக உட்கார்ந்து போனை எடுக்காமல் ஒரு சாப்பாட்டை முடிக்க முடிகிறதா? ஆட்டோக்காரரிடம் முதலில் விலை பேசிவிட்டு ஏறுகிறீர்களா, ஏறிவிட்டுப் பேசுகிறீர்களா? சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் என்ன செய்கிறீர்கள்? தனியாகப் போகிறவர்களுக்குப் பகல் எளிதாகப் போய்விடும், மாலைதான் பழக வேண்டியது.

பையையும் சோதித்துவிடுங்கள். கொண்டுபோக நினைக்கும் அத்தனையையும் அடைத்து, தோளில் மாட்டி, வண்ணார்பேட்டையிலிருந்து சுலோசன முதலியார் பாலம் வழியாக ஜங்ஷன் வரை வெயிலில் நடந்து பாருங்கள். பாலத்தின் நடுவில் பையை இறக்கி வைக்கத் தோன்றினால் அது அதிக எடை. மலிவு விமானங்களில் கைப்பைக்கு 7 கிலோதான் பொதுவான வரம்பு. அதைத் தாண்டினால் விமான நிலையக் கவுன்டரில் கட்டும் பணம், முன்பே இணையத்தில் எடை வாங்கியிருந்தால் ஆகியிருக்கும் பணத்தைவிடப் பல மடங்கு.

பாஸ்போர்ட்: பெயரில்தான் சிக்கல்

நம் பகுதிக்கு மதுரை மண்டல பாஸ்போர்ட் அலுவலகம். அதன் கீழ் திருநெல்வேலியிலேயே பாஸ்போர்ட் சேவா கேந்திரம் இருப்பதால் மதுரைக்கு ஓட வேண்டியதில்லை. 36 பக்கப் புத்தகத்துக்கு 1,500 ரூபாய், 60 பக்கத்துக்கு 2,000. தத்கால் என்றால் மேலும் 2,000. அரசின் பாஸ்போர்ட் சேவா இணையதளத்தில் நீங்களே நிரப்பலாம். அதே தோற்றத்தில் போலித் தளங்கள் இருப்பதால் முகவரியின் கடைசியில் 'ஜிஓவி டாட் இன்' இருக்கிறதா என்று பாருங்கள். பிரவுசிங் சென்டரில் கொடுத்து நிரப்பினால், அனுப்பும் பொத்தானை அழுத்தும் முன் ஒவ்வொரு எழுத்தையும் உங்கள் கண்ணால் சரிபாருங்கள்.

சேவா கேந்திரத்தில் ஏ, பி, சி என்று மூன்று கவுன்டர். ஏ-யில் புகைப்படம், கைரேகை, சான்றுகளை ஸ்கேன் செய்வது, பி-யில் சரிபார்ப்பு, சி-யில் ஒப்புதல். ஆதாரிலும் பத்தாம் வகுப்புச் சான்றிலும் பெயரோ பிறந்த தேதியோ வேறுபட்டால் பி-யில் நின்றுவிடும். ஆதாரைத் திருத்திவிட்டுப் போவதுதான் சுருக்கமான வழி. பத்தாம் வகுப்புத் தேறிய சான்றைக் கட்டாயம் காட்டுங்கள். அது இருந்தால் 'குடிபெயர்வுச் சோதனை தேவையில்லை' என்ற வகையில் பாஸ்போர்ட் வரும். காட்டாமல் விட்டால் மலேசியா, தாய்லாந்து, வளைகுடா நாடுகளுக்குப் போகும்போது விமான நிலையத்தில் கூடுதலாக விசாரிப்பார்கள்.

சென்னையிலோ கோவையிலோ வேலை பார்த்துக்கொண்டு, முகவரிக்கு ஊர் வீட்டைப் போடுகிறவர்கள் அதிகம். போலீஸ் விசாரணை நீங்கள் கொடுத்த முகவரிக்குத்தான் வரும். வீட்டில் இருக்கும் அப்பா, "அவன் இங்க இல்ல சார், மெட்ராஸ்ல இருக்கான்" என்று உண்மையைச் சொல்லிவிட்டால் அறிக்கை பாதகமாகப் போகும். இப்போது எங்கே இருக்கிறீர்களோ அந்த முகவரியைப் போடுங்கள்.

இனி, தமிழர்களுக்கென்றே வரும் தொல்லை: இனிஷியல். பாஸ்போர்ட்டில் இனிஷியல் கிடையாது, விரித்து எழுத வேண்டும். 'இ. சுடலைமுத்து' என்பவர் தன் பெயரிடத்தில் 'சுடலைமுத்து', குடும்பப் பெயரிடத்தில் அப்பா பெயர் 'இசக்கிமுத்து' என்று போடுவது நல்லது. குடும்பப் பெயரைக் காலியாக விட்டுத் தன் பெயரிடத்தில் ஒரே ஒரு சொல்லை மட்டும் போட்ட பழைய பாஸ்போர்ட்டுகள் நம் பக்கம் ஏராளம். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுடன் வரும் சுற்றுலாப் பயணிகளை அனுமதிக்க மாட்டோம் என்றது. பிறகு, இரண்டாம் பெயராகக் கொள்ள அப்பா பெயர் கடைசிப் பக்கத்தில் இருந்தால் போதும் என்று தளர்த்தியது. இப்போதுதான் புதிதாக எடுக்கிறீர்கள் என்றால் இரண்டு இடத்தையும் நிரப்பிவிடுங்கள், அதோடு இந்தத் தலைவலி தீரும். பழைய ஒற்றைப் பெயரோடு டிக்கெட் எடுப்பவர்கள் அந்தந்த விமான நிறுவனத்தின் தளத்தில் இதற்கென்று என்ன முறை சொல்லியிருக்கிறார்கள் என்று பார்த்து, அப்படியே போட வேண்டும். சிலர் அதே பெயரை இருமுறை போடச் சொல்வார்கள், சிலர் வேறு மாதிரி. டிக்கெட்டில் உள்ள பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும்.

ஏற்கெனவே பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள், திரும்பி வரும் நாளுக்குப் பிறகும் ஆறு மாதம் செல்லுபடியாகுமா என்று பாருங்கள். ஆறு மாதத்துக்குக் குறைந்தால் பல நாடுகளுக்கு விமானத்திலேயே ஏற்ற மாட்டார்கள்.

எந்த நாடு

முதல் பயணத்துக்கு ஒரு நாடு, அதில் இரண்டு ஊர், ஆறு அல்லது ஏழு இரவு. இதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம். ஐந்து நாளில் மூன்று நாடு பார்ப்பவர் பஸ் நிலையங்களையும் விமான நிலையங்களையும்தான் பார்க்கிறார். ஒரே தெருவில் மூன்றாவது நாளாக நடக்கும்போதுதான் டீக்கடைக்காரர் முகம் பார்த்துச் சிரிப்பார்.

மலேசியாவைத்தான் முதலில் சொல்வோம். இந்தியர்களுக்கு 2023 டிசம்பர் 1 முதல் 30 நாள் வரை விசா வேண்டாம். இந்தச் சலுகை 2026 இறுதி வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் டிஜிட்டல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது, பணம் கேட்கும் தளம் எதுவானாலும் போலி. கோலாலம்பூரில் இரண்டு மூன்று இரவு. பிறகு அங்குள்ள பெரிய ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரலிலிருந்து இடிஎஸ் ரயிலில் பட்டர்வொர்த் வரை போய், அங்கிருந்து படகில் பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுன். பத்து மலை முருகன் கோயிலுக்குப் போக டாக்சி தேவையில்லை. கேஎல் சென்ட்ரலிலிருந்தே கம்யூட்டர் ரயில் அடிவாரம் வரை போகிறது. படி 272, குரங்குகள் கையில் இருப்பதைப் பிடுங்கும், காலை எட்டு மணிக்குள் ஏறிவிட்டால் வெயில் தெரியாது. தமிழ் கேட்கும் ஊரில் போய் என்னத்தைக் கற்றுக்கொள்ள என்று கேட்பவர்கள் உண்டு. முதல் முறை போகிறவருக்கு அவசரத்துக்குத் தமிழில் பேச ஓர் ஆள் கிடைப்பார் என்ற தைரியம் பெரிது. அந்தத் தைரியத்தில்தான் சீனர் கடையிலும் மலாய்க்காரர் கடையிலும் துணிந்து போய் உட்கார முடியும்.

இலங்கை இன்னும் பக்கம். மதுரையிலிருந்து கொழும்பு ஒரு மணி நேரப் பறப்பு. பெயர்ப் பலகைகளில் தமிழ் இருக்கும், நேரமும் நம் நேரமே. யூபிஐ 2024 பிப்ரவரியிலிருந்து அங்கே பல கடைகளில் செல்லுகிறது. மின்னணுப் பயண அனுமதியின் விதியும் கட்டணமும் அடிக்கடி மாறுவதால் டிக்கெட் எடுக்கும் முன் ஒருமுறை, கிளம்புவதற்கு ஒரு வாரம் முன் ஒருமுறை அந்நாட்டு அரசுத் தளத்திலேயே பாருங்கள். பருவத்தைக் கணிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது: குற்றாலத்தில் சீசன் என்றால் கொழும்பிலும் தென்கரைக் காலி நகரிலும் மழை, அப்போது திருகோணமலைப் பக்கம் வெயில். நமக்கு ஐப்பசி, கார்த்திகை அடைமழை என்றால் யாழ்ப்பாணத்துக்கும் அதே மழைதான்.

தாய்லாந்து இரண்டாவது பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம். 2025 மே 1 முதல் அங்கேயும் டிஜிட்டல் வருகை அட்டை கட்டாயம், அதற்கும் கட்டணம் இல்லை. விசா விலக்கு எத்தனை நாளுக்கு என்பதைக் கிளம்பும் சமயத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூருக்கு விசா வேண்டும், அங்கீகரிக்கப்பட்ட ஏஜென்ட் வழியாக விண்ணப்பிக்கலாம். சுற்றுவதற்கு மிக எளிது, தங்குவதற்கு மிகச் செலவு. வியட்நாமுக்கு இ-விசா, ஒருமுறை நுழைய 25 டாலர்.

எந்த விமான நிலையம்

தூத்துக்குடி வாகைக்குளம் பக்கத்தில் இருந்தாலும் அங்கே உள்நாட்டு விமானம்தான். நமக்கு வசதி மதுரையும் திருவனந்தபுரமும். மதுரையிலிருந்து கொழும்பு, துபாய் போன்ற சில ஊர்களுக்கு மட்டும் நேரடி விமானம் உண்டு. கிழக்கு நாடுகளுக்கும் வளைகுடாவுக்கும் திருவனந்தபுரத்தில் தேர்வு அதிகம், கட்டணமும் பல நேரம் குறைவு. இரண்டும் திருநெல்வேலியிலிருந்து ஏறத்தாழ ஒரே தூரம், சுமார் 150 கிலோமீட்டர். செங்கோட்டை, தென்காசிக்காரர்களுக்கு ஆரியங்காவு, புனலூர் வழியாகத் திருவனந்தபுரம் இன்னும் வசதி. சென்னை வழியாகப் போக ரயிலில் ஓர் இரவும், எழும்பூரிலிருந்து மீனம்பாக்கத்துக்குச் சுமார் ஒரு மணி நேரமும் ஆகும். டிக்கெட்டில் மூவாயிரம் மிச்சம் என்று பார்த்து அந்த மூவாயிரத்தை வழியிலேயே விடுவார்கள்.

திருவனந்தபுரத்தில் பன்னாட்டு முனையம் சாக்கை பக்கம், உள்நாட்டு முனையம் சங்குமுகம் பக்கம். ஆட்டோவில் ஏறும்போதே எது என்று சொல்லிவிடுங்கள், ஓடுபாதையைச் சுற்றிப் போக வேண்டியிருக்கும். விமானம் அதிகாலையில் என்றால் முந்தின நாள் சாயங்காலமே போய்ச் சேருங்கள். நாகர்கோவில், மார்த்தாண்டம் சாலையில் நெரிசலுக்கு நேரம் காலம் கிடையாது. மூன்று மணி நேரம் முன்னதாக உள்ளே இருக்க வேண்டும், கவுன்டரைப் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள்.

பணம்

ஒரு நாள் செலவைக் கணக்கிட நான்கே தலைப்பு போதும்: படுக்கை, மூன்று வேளைச் சாப்பாடு, உள்ளூர்ப் போக்குவரத்து, ஓர் அனுமதிச் சீட்டு. அதை நாட்களால் பெருக்கி, கால் பங்கு கூட்டுங்கள். இதற்கு வெளியே, கடைசி நேரத்தில் எடுக்கும் ஒரு திரும்பும் டிக்கெட்டின் விலையைத் தனியாக வங்கிக் கணக்கில் வைத்துவிட்டு, அது இருப்பதையே மறந்துவிடுங்கள். யாரையும் கடன் கேட்காமல் எந்த நேரமும் வீடு திரும்பலாம் என்று தெரிந்தால் பயம் பாதி குறையும்.

பணத்தை மூன்றாகப் பிரியுங்கள். மூன்று நாள் செலவுக்கு அந்த நாட்டு நோட்டு அல்லது டாலர். வெளிநாட்டுப் பணத்தை முன்பே ஏற்றிவைக்கும் ஒரு ஃபாரெக்ஸ் அட்டை. வேறொரு வங்கியின் டெபிட் அல்லது கிரெடிட் அட்டை. மூன்றும் ஒரே பர்ஸில் இருக்கக் கூடாது. இந்திய அட்டைகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டும் திறந்திருக்கும், வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கிச் செயலியில் நீங்கள்தான் இயக்க வேண்டும். கிளம்பும் முன் செய்யாமல், அங்கே போய்ச் செய்யலாம் என்றால் ஓடிபி வராது, வேலை கெட்டுவிடும். சாதாரண அட்டையில் ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் 2 முதல் 3.5 சதவீதம் வரை மாற்றுக் கட்டணம், அதன் மேல் ஜிஎஸ்டி. ஏடிஎம்மிலோ கடையிலோ "ரூபாயில் கட்டுகிறீர்களா, உள்ளூர்ப் பணத்திலா?" என்று திரையில் கேட்டால் எப்போதும் உள்ளூர்ப் பணம் என்றே அழுத்துங்கள். ரூபாய் என்று அழுத்தினால் அந்த இயந்திரக்காரர் வைத்த விகிதம், நமக்கு நஷ்டம்.

வெளிநாட்டு நோட்டாக ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் மதிப்பு வரை கொண்டுபோகலாம், இந்திய ரூபாய் 25,000 வரை. ஒரு வாரப் பயணத்துக்கு இதில் பத்தில் ஒரு பங்கு நோட்டே அதிகம். நோட்டை ஊரிலேயே, அனுமதி பெற்ற மாற்றுக் கடையில் ரசீதோடு வாங்குங்கள். விமான நிலையக் கவுன்டரில் விகிதம் மோசம்.

பையில் வைக்கக் கூடாதவை

பவர் பேங்க் கைப்பையில் மட்டும். கீழே போகும் பெட்டியில் வைத்தால் பெட்டியைத் திறந்து எடுத்துவிடுவார்கள். 100 வாட்-மணி வரை தனி அனுமதி வேண்டாம். 20,000 எம்ஏஎச் என்பது சுமார் 74 வாட்-மணி, அதனால் பிரச்சினையில்லை. திரவம் ஒவ்வொன்றும் 100 மில்லிக்கு மிகாத புட்டியில். இந்த விதியில் மாட்டுபவை நம் ஊர்ப் பண்டங்கள்: தேங்காயெண்ணெய், ஊறுகாய், நெய் மிதக்கும் அல்வா. எல்லாவற்றையும் கீழே போகும் பெட்டியில் வையுங்கள். அல்வாவை எண்ணெய்க் காகிதத்தோடு ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து டேப் ஒட்டாவிட்டால் சட்டைக்கெல்லாம் நெய். கொப்பரைத் தேங்காய் தீப்பற்றும் பொருள் கணக்கில் வருவதால் அனுமதிப்பதில்லை. கசகசா சிங்கப்பூரிலும் அமீரகத்திலும் போதைப்பொருள் சட்டத்தில் வரும், அம்மா கட்டித்தரும் மசாலாப் பொட்டலத்தைப் பிரித்துப் பாருங்கள். யாரோ கொடுத்தனுப்பும் பார்சலை, சொந்தக்காரர் கொடுத்தாலும், பிரித்துக் காட்டச் சொல்லாமல் வாங்காதீர்கள்.

தினமும் சாப்பிடும் மாத்திரை இருந்தால் டாக்டர் சீட்டோடு, அட்டையை வெட்டாமல் எடுத்துக்கொள்ளுங்கள். பயணக் காப்பீடு ஒரு வாரத்துக்குச் சில நூறு ரூபாயில் கிடைக்கும். தனியாகப் போகிறவர் அதை மிச்சம் பிடிக்கக் கூடாது.

குடியேற்றக் கவுன்டரில்

தென் மாவட்டத்து இளைஞர் தனியாக, முதல் முறை, தாய்லாந்துக்கோ மலேசியாவுக்கோ போகிறார் என்றால் இந்தியப் பக்கத்து அதிகாரியே நாலு கேள்வி கூடக் கேட்பார். காரணம் இருக்கிறது. சுற்றுலா என்று அனுப்பி மியான்மர், கம்போடியா, லாவோஸ் நாடுகளின் இணைய மோசடிக் கூடங்களில் இளைஞர்களை அடைத்த கதைகள் நடந்திருக்கின்றன. வெளியுறவு அமைச்சகமும் எச்சரித்திருக்கிறது. அதனால் கோபப்படாமல், திரும்பும் டிக்கெட், தங்குமிட முன்பதிவு, பணம் இருப்பதற்கான சான்று, வேலை செய்பவர் என்றால் விடுப்புக் கடிதம் ஆகிய நான்கையும் அச்செடுத்து ஒரு கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். போனில் இருக்கிறது என்று சொல்லித் தேடிக்கொண்டு நிற்க வேண்டாம். கேட்டதற்கு மட்டும் பதில். "அங்கே போய் வேலை ஏதாவது பார்க்கலாம்னு" என்று விளையாட்டுக்குக்கூடச் சொல்லாதீர்கள். சுற்றுலா அனுமதியில் வேலை தருகிறேன் என்று எவர் சொன்னாலும், அவர் உறவினரே ஆனாலும், அந்தப் பயணத்தைக் கைவிடுங்கள்.

இறங்கிய முதல் ஆறு மணி நேரம்

இதை மட்டும் நிமிடக் கணக்கில் திட்டமிடுங்கள். பகலில் போய்ச் சேரும் விமானமாகப் பாருங்கள். முதல் இரண்டு இரவுக்கு முன்பதிவு, அதன் முகவரி ஒரு தாளில், அந்நாட்டு எழுத்திலும். இறங்கியதும் செய்ய வேண்டிய வரிசை: கழிவறை, தண்ணீர், சிம் அல்லது இ-சிம் வேலை செய்கிறதா என்று பார்ப்பது, ஏடிஎம்மில் சிறு தொகை, பிறகு வண்டி. வெளியே வந்து "டாக்சி, டாக்சி" என்று வருபவருடன் போகாதீர்கள். கோலாலம்பூரில் விரைவு ரயிலுக்கு 55 ரிங்கிட், பஸ் அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. இரண்டும் கேஎல் சென்ட்ரலுக்கே போகும். கொழும்பு கட்டுநாயக்காவிலிருந்து 187-ஆம் எண் பஸ் நகர மையமான கோட்டைப் பகுதிக்குப் போகும்.

உங்கள் இந்திய சிம்மைக் கழற்றி வைத்துவிடாதீர்கள். வங்கி ஓடிபி அதற்குத்தான் வரும். ரோமிங்கை இயக்கி, அந்த சிம்மில் டேட்டாவை மட்டும் அணைத்துவையுங்கள்.

மலேசியா, சிங்கப்பூரில் மூன்று சப்பைக் கம்பிப் பிளக். நம்முடையது நுழையாது. அடாப்டரை ஊரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

சாப்பாடு பற்றிச் சைவக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. இலங்கையில் தேங்காய்ச் சம்பலில் மாசிக் கருவாடு இடித்துப் போடுவது வழக்கம், பார்த்தால் தெரியாது. தாய்லாந்தில் காய்கறிப் பொரியலிலும் மீன் சாறு ஊற்றுவார்கள். அங்கே 'ஜே' என்று கேட்டால் மீனும் முட்டையும் இல்லாததைத் தருவார்கள், மஞ்சள் கொடியில் சிவப்பெழுத்துப் போட்ட கடைகள் அவை.

மூன்றாம் நாள் சாயங்காலம்

முதல் இரண்டு நாள் எல்லாமே வேடிக்கை. மூன்றாம் நாள் மாலை பலருக்கும் ஒன்று நேரும்: அறைக்குள் உட்கார்ந்து, எதற்கு வந்தோம் என்று தோன்றும், வீட்டு ரசம் நினைவுக்கு வரும், டிக்கெட்டை மாற்றினால் எவ்வளவு ஆகும் என்று கை தேடும். ஊர் பிடிக்காமல் போனதால் இது வருவதில்லை. இரண்டு நாளாக வெயிலில் நடந்த களைப்பு, சரியாகத் தூங்காதது, மனம்விட்டு ஒரு வார்த்தை பேச ஆள் இல்லாதது எல்லாம் சேர்ந்து வரும் சோர்வு. அன்றிரவு எந்த முடிவும் எடுக்காதீர்கள். குளித்து, சூடாகச் சோறு கிடைக்கும் இடமாகப் பார்த்துச் சாப்பிட்டு, ஒன்பது மணிக்குப் படுங்கள். மறுநாள் புது இடம் எதுவும் வேண்டாம். முந்தின நாள் போன டீக்கடைக்கே திரும்பப் போங்கள், துணி துவையுங்கள், சந்தையில் விலை கேட்டு நடங்கள். பெரும்பாலும் நான்காம் நாள் மத்தியானத்துக்குள் சரியாகிவிடும். சரியாகாவிட்டால் ஊரை மாற்றுங்கள். அதற்கும் பிறகு மனம் ஒப்பவில்லை என்றால் திரும்பி வரலாம், அதற்குத்தான் அந்தத் தனிப் பணம்.

நாளுக்கு ஒரே ஒரு வேலையை மட்டும் நிச்சயம் செய்துகொள்ளுங்கள், மீதி நேரம் காலியாக இருக்கட்டும். ஆறு இடங்களைப் பட்டியல் போட்டு ஓடுபவர் யாரோடும் பேசுவதில்லை. இரவில் ஒரு நோட்டில் நான்கு வரி எழுதலாம்: இன்று என்ன செலவு, யாரோடு பேசினேன், எந்த முடிவு தப்பாகப் போனது, ஏன். அந்த நான்காவது வரிதான் உபயோகமானது. அவசரத்தில் எடுத்தேனா, வெட்கப்பட்டு மறுக்காமல் விட்டேனா, பசியோடு இருந்தேனா என்று ஒரு வாரத்தில் உங்கள் வழக்கம் உங்களுக்கே தெரிந்துவிடும். நம் ஊர்க்காரர்களுக்குப் பெரும்பாலும் அது 'மறுக்காமல் விட்டேன்' என்றே இருக்கும். யாராவது அன்பாகக் கூப்பிட்டால் முடியாது என்று சொல்ல வாய் வராது. பாங்காக்கில் "இன்று அரண்மனை மூடியிருக்கு, வாங்க வேற இடம் காட்டுறேன்" என்று வரும் துக்-துக் ஆள் அதை நம்பித்தான் தொழில் செய்கிறார். கூட்டிப்போய் நிறுத்துவது ரத்தினக் கல் கடையில். சிரித்துக்கொண்டே 'வேண்டாம்' சொல்லி நிற்காமல் நடப்பதை ஊரிலேயே பழகிக்கொள்ளுங்கள். ரதவீதி ஜவுளிக்கடை வாசல்களில் பழக நிறைய இடம் இருக்கிறது.

பைக் வாடகைக்கு எடுப்பவர்கள்: பாஸ்போர்ட்டை அடமானமாகக் கேட்டால் கொடுக்காதீர்கள். பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி இல்லாமல் விழுந்தால் காப்பீடு ஒரு பைசா தராது. அதை ஆர்டிஓ அலுவலகத்தில் படிவம் 4ஏ கொடுத்து வாங்கலாம், ஓராண்டு செல்லும்.

வீட்டுக்குப் பேச ஒரு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மலேசியா, சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னே, தாய்லாந்து ஒன்றரை. மலேசியாவில் ராத்திரி ஒன்பதரை என்றால் அம்மா இங்கே ஏழு மணிக்கு விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்திருப்பார், நல்ல நேரம். தங்குமிட முகவரி, விமான எண், காப்பீட்டு எண் மூன்றையும் வீட்டில் காலண்டருக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டிவிட்டுப் போங்கள். "மணிக்கொருதரம் மெசேஜ் போடு" என்பதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். ஒருமுறை போன் சார்ஜ் தீர்ந்தால் இங்கே ஊரே கூடிவிடும். பெண்கள் தனியாகப் போகும்போது படத்தை அந்த இடத்தை விட்டு வந்த பிறகு போடுவது பாதுகாப்பு. தங்கும் விடுதியின் பெயர் தெரியும் படம் வேண்டாம். விடுதியில் பெண்களுக்கான பொது அறை இருக்கிறதா என்று பாருங்கள், பேச்சுத் துணையும் அங்கேதான் கிடைக்கும்.

பாஸ்போர்ட் தொலைந்தால்

முதலில் உள்ளூர்க் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து அதன் நகலை வாங்குங்கள். பிறகு இந்தியத் தூதரகம். புகார் நகல், பாஸ்போர்ட்டின் ஒளிநகல், படங்கள் கொடுத்தால் அவசரச் சான்று தருவார்கள். அதை வைத்து இந்தியாவுக்குத் திரும்ப மட்டும் முடியும், வேறு நாட்டுக்குப் போக முடியாது. இதற்காகத்தான் முதல் பக்கம், கடைசிப் பக்கம் இரண்டின் நகலையும் காகிதமாக ஒன்று, மின்னஞ்சலில் ஒன்று, வீட்டில் ஒன்று வைக்கச் சொல்வது. பாஸ்போர்ட் அளவுப் படம் நாலு கூடவே இருக்கட்டும்.

திரும்பி வந்த வாரம்

அட்டைகளின் வெளிநாட்டுப் பயன்பாட்டை அணையுங்கள், ரோமிங்கையும். ஃபாரெக்ஸ் அட்டையில் மிச்சமிருப்பதை ரூபாயாக மாற்றுங்கள். மிஞ்சிய வெளிநாட்டு நோட்டு 2,000 டாலர் மதிப்பு வரை கையில் வைத்திருக்கலாம், அதற்கு மேற்பட்டதை 180 நாட்களுக்குள் மாற்றிவிட வேண்டும். நாணயங்களை இங்கே எந்தக் கடையிலும் வாங்க மாட்டார்கள். அங்கேயே விமான நிலைய டீக்கடையில் செலவழித்துவிட்டு வாருங்கள்.